உருளைக்கிழங்கு விளையும் தீவு

நாக்ஸோஸைப் பற்றி யார் கேட்டாலும் நான் உருளைக்கிழங்கிலிருந்துதான் தொடங்குவேன். கிரேக்கத் தீவு என்றதும் நம் கண்முன் வருவது வெள்ளைச் சுவர், நீலக் கூரை, கடலைப் பார்த்தபடி ஒரு நீச்சல் குளம். அந்தப் படம் சாண்டோரினியுடையது. நாக்ஸோஸில் கப்பலை விட்டு இறங்கி ஊருக்குள் கொஞ்ச தூரம் நடந்தால், காய்கறிக் கடை வாசலில் மண் உதிராத உருளைக்கிழங்கு மூட்டைகள் சாத்தி வைத்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் புவிசார் குறியீடு கொடுத்த கிழங்கு அது. உணவகத்தில் கேட்டால் கையால் அரிந்து, ஆலிவ் எண்ணெயில் பொரித்து, மேலே இத்தீவின் கிராவியேரா பாலாடைக்கட்டியைத் துருவிப் போட்டுத் தருகிறார்கள். ஓரம் முறுகலாகவும் நடுவில் மாவாகவும் இருக்கும் அந்தக் கிழங்கு ஒரு தட்டு வந்தால் நான்கு பேருக்கு மாலைப் பசி அடங்கிவிடும்.

கிழங்கை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் தீவு நம் பட்ஜெட்டுக்குக் கட்டுப்படியாவதன் ரகசியம் அதில்தான் இருக்கிறது. ஏஜியன் கடலில் வட்டமாகச் சிதறிக் கிடக்கும் சைக்லேட்ஸ் தீவுகளில் பெரும்பாலானவை வறண்ட பாறைகள். அவற்றுள் பெரியது நாக்ஸோஸ். ஏறத்தாழ 430 சதுர கிலோமீட்டர். நடுவில் 1,000 மீட்டரைத் தாண்டி நிற்கிறது ஸாஸ் மலை, அதாவது ஜீயஸ் கடவுளின் மலை. சைக்லேட்ஸிலேயே உயரமான சிகரம் அதுதான். மலை மேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அடிவாரத்தில் ஊற்றுகள் சுரக்கின்றன. பள்ளத்தாக்குகளில் ஆலிவும் திராட்சையும் விளைகின்றன, மாடுகள் மேய்கின்றன. தட்டில் வரும் இறைச்சிக்கும் பாலாடைக்கட்டிக்கும் தக்காளிக்கும் கப்பல் வாடகை ஏறுவதில்லை. சுற்றுலாப் பயணி வராவிட்டாலும் இந்த ஊருக்குச் செய்ய வேலை உண்டு. தன் சோற்றைத் தானே விளைவிக்கும் ஊரில் விருந்தாளியின் இலைக்கும் குறைவிருக்காது.

நாங்கள் நான்கு பேரும் கோவையில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒருவன் இப்போது ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறான். ஒருத்தி மதுரையில் பள்ளி ஆசிரியை. எங்கள் எல்லாருக்குமே அவள் டீச்சர்தான். இன்னொருவன் சென்னையில் டாக்டர். வருடக்கணக்காக வாட்ஸப்பில் மட்டுமே ஓடிக்கொண்டிருந்த திட்டத்துக்கு உயிர் வந்தது டீச்சரின் காலாண்டுத் தேர்வு விடுமுறையால். செப்டம்பர் கடைசியில்தான் அவளுக்கு லீவு. விசாரித்துப் பார்த்தால், அந்தத் தீவுக்குப் போக அதைவிட நல்ல நேரம் இல்லை. ஆகஸ்ட் 15 மாதா திருநாளை ஒட்டி ஏதென்ஸ்காரர்களே தீவுகளுக்குக் கிளம்பிவிடுவார்கள். அறை கிடைப்பதே பெரிய பாடு. ஜூலையிலும் ஆகஸ்டிலும் மெல்டெமி என்ற வடகாற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். செப்டம்பர் முடிவில் கூட்டம் கலைந்துவிடுகிறது, அறை வாடகை இறங்கிவிடுகிறது, கடல் மட்டும் கோடை முழுக்க வாங்கிய சூட்டை விடாமல் வைத்திருக்கிறது.

குறைக்க முடியாத செலவு இரண்டு: விமானக் கட்டணம், ஷெங்கன் விசா. 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 90 யூரோ. இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு இவை இரண்டுமே கையைக் கடிக்கும். மிச்சம் பிடிப்பதெல்லாம் ஏதென்ஸில் இறங்கிய பிறகுதான். விமான நிலையத்திலிருந்து பிரேயஸ் துறைமுகத்துக்கு டாக்சி தேவையே இல்லை. 2022 அக்டோபரிலிருந்து மெட்ரோவின் மூன்றாம் தடம் நேராகத் துறைமுகம் வரை போகிறது. எக்ஸ் 96 பேருந்து இரவு பகல் எந்நேரமும் ஓடுகிறது, மெட்ரோவைவிட அதில் கட்டணம் குறைவு.

கப்பலிலும் இரண்டு வகை. வேகப் படகு மூன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். ஆனால் ஜன்னலோரம் கட்டிப்போட்டதுபோல் உட்கார்ந்திருக்க வேண்டும், டிக்கெட்டும் அதிகம். பெரிய கப்பலுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். மேல்தள டிக்கெட் வாங்கினால் போதும். கப்பல் முழுக்க நடக்கலாம், வெளியே நின்று கடலைப் பார்க்கலாம். நேரத்தை மிச்சம் பிடிக்க வேகப் படகு ஏறுகிறவர்கள் இந்தப் பயணத்தின் பாதி இன்பத்தை விட்டுவிடுகிறார்கள் என்பேன். இடப்பக்கம் அட்டிகா கரை கூடவே வருகிறது. அது முடியும் சூனியன் முனையில் பொசைடன் கோவிலின் தூண்கள் தூரத்தில் தெரிகின்றன. அப்புறம் ஒவ்வொரு தீவாகச் சாம்பல் நிறத்தில் எழுந்து, நிறம் மாறி, பின்னால் போகிறது. நாங்கள் நால்வரும் இத்தனை வருடக் கதைகளைப் பேசித் தீர்த்தது அந்தத் தளத்தில்தான். பாரோஸ் வந்ததும் கப்பலின் பின்கதவு இறங்கி, லாரிகளும் ஆட்களும் ஒரே நேரத்தில் கொட்டுகிறார்கள். அடுத்த நிறுத்தம் நாக்ஸோஸ்.

துறைமுகத்துக்குள் நுழையும்போதே இடப்பக்கக் குன்றில் தனியாக ஒரு வாசல் நிற்கிறது. சுவர் இல்லை, கூரை இல்லை, வாசல் மட்டும். போர்ட்டாரா என்கிறார்கள். கி.மு. 530 வாக்கில் லிக்டாமிஸ் என்ற சர்வாதிகாரி அப்போலோவுக்குக் கட்டத் தொடங்கிய கோவில் அது. அவன் ஆட்சி கவிழ்ந்ததும் வேலை நின்றுபோனது. பல நூற்றாண்டுகள் கழித்து, 1207இல் தீவைப் பிடித்த வெனிஸ்காரர் மார்க்கோ சனூடோ ஊர் உச்சியில் கோட்டை எழுப்பினார். கோவில் கற்கள் கட்டுமானங்களுக்குப் போய்விட்டன. வாசல் மட்டும் பெயர்க்க முடியாத கனத்தால் தப்பித்தது. டிக்கெட் கிடையாது, கேட் கிடையாது, இரவு பகல் எப்போது வேண்டுமானாலும் போகலாம். அந்தி நேரத்தில் எல்லாரும் அங்கே கூடுவார்கள்; விடிகாலையில் போனால் நீங்களும் அலையும் மட்டும்தான். அப்போது பக்கத்தில் போய்ப் பாருங்கள். பளிங்குப் பாளங்களின் பக்கவாட்டில் முண்டு முண்டாகக் கல் துருத்திக்கொண்டிருக்கும். தூக்கி நிறுத்துவதற்குப் பிடிமானமாக விட்டவை. வேலை முடிந்ததும் செதுக்கி எடுத்திருக்க வேண்டும். அந்த வேலை முடியவில்லை. 2,500 வருடம் கழித்தும் அந்த முண்டுகளைக் கையால் தடவிப் பார்க்கலாம்.

கோட்டைக்குள்ளும் சும்மா நடக்கலாம். வளைவுகளுக்கு அடியில் ஓடும் சந்துகள், வெனிஸ் குடும்பங்களின் சின்னம் பொறித்த வாசல்கள். 1897இல் கிரீட் தீவில் கலகம் மூண்டபோது ஒரு குடும்பம் தப்பி இங்கே வந்து தங்கியது. அந்த வீட்டுப் பையன் கோட்டைக்குள் பிரெஞ்சுப் பாதிரியார்கள் நடத்திய பள்ளியில் படித்தான். பிற்பாடு ‘ஸோர்பா’ நாவலை எழுதிய நிக்கோஸ் கஸன்ட்ஸாகிஸ்தான் அந்தப் பையன்.

அறை, சாப்பாடு விஷயத்துக்கு வருகிறேன். ஆகியோஸ் யோர்கியோஸ் கடற்கரைப் பக்கம், ஒரு அம்மா தன் வீட்டு மாடியில் நடத்தும் அறைகளில் தங்கினோம். சின்னச் சமையலறை, பால்கனி, துணி காயப்போடக் கயிறு. நால்வரும் சமமாகப் பணம் போட்டு டீச்சரிடம் கொடுத்துவிட்டோம். அறை, பஸ், சாப்பாடு எல்லாம் அந்தப் பொதுப் பணத்தில், அவரவர் ஆசைக்கு வாங்குவது அவரவர் பையிலிருந்து. காலையில் பேக்கரியில் கீரையும் ஃபெட்டாவும் வைத்த பஃப்ஸ், கடையில் வாங்கிய கெட்டித் தயிர், வீட்டுக்கார அம்மா தோட்டத்திலிருந்து தந்த திராட்சை. மதியம் கையில் சுருட்டிய கீரோஸ் ரொட்டி. இரவு மட்டும் உணவகம். அறையும் சாப்பாடும் பஸ்ஸும் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு அறுபது யூரோவைத் தாண்ட டீச்சர் விடவில்லை. டாக்டர் இன்னொரு குடுவை வைன் கேட்டால், “அது உன் சொந்தக் கணக்குடா” என்று நோட்டை மூடிவிடுவாள்.

எங்களில் இரண்டு பேர் சைவம். அவர்களுக்குக் கிரேக்கம் சொர்க்கம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு வருடத்தில் நோன்பு நாட்கள் ஏராளம். அந்த நாட்களில் இறைச்சி, பால், முட்டை எதையும் தொட மாட்டார்கள்; அதற்கென்றே ஒரு தனிச் சமையல் வளர்ந்திருக்கிறது. “நிஸ்டிசிமோ” என்று கேட்டால் நோன்புச் சாப்பாட்டைக் காட்டுவார்கள். தக்காளியில் வெந்த பெரிய மொச்சை, மஞ்சள் பட்டாணி மசியல், சோறு அடைத்த திராட்சை இலை, எண்ணெயில் வதக்கிய கத்தரிக்காய். பட்டியலில் எப்போதும் விலை குறைந்த பக்கம் இதுதான். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பெரிய மீனுக்குக் கிலோ கணக்கில் விலை. சமைக்கும் முன் எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நெத்திலியும் மத்தியும் தட்டுக் கணக்கில் வரும், சுவையில் அவை எதற்கும் குறைந்தவை அல்ல. உணவுப் பட்டியலின் அடியில் ஒரு வாசகம் அச்சாகியிருக்கும்: ரசீது தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் கொடுக்கத் தேவையில்லை. அது சட்டம்.

கடற்கரைக்கு வருவோம். கிரேக்கத்தில் கடற்கரை பொதுச்சொத்து. ஆனால் குடையும் சாய்வு நாற்காலியும் போட்டு வாடகை வாங்குகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மணலை நிரப்பிவிட்டார்கள். 2023 கோடையில் பக்கத்துத் தீவான பாரோஸில் மக்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து போராடினார்கள்: துண்டு விரிக்க எங்கள் இடம் எங்கே என்று கேட்டார்கள். போராட்டம் நாக்ஸோஸுக்கும் மற்ற தீவுகளுக்கும் பரவியது. மறு வருடமே புதுச் சட்டம் வந்தது. நாற்காலிகள் தண்ணீரிலிருந்து குறைந்தது 4 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பிளாக்கா கடற்கரையில் துண்டை விரித்து உட்கார்ந்தபோது, அந்த நான்கு மீட்டருக்காகத் தெருவில் நின்றவர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றியது. ஊரிலிருந்து ஆகியோஸ் ப்ரோகோபியோஸ், ஆகியா அன்னா வழியாகப் பிளாக்காவுக்கு டவுன் பஸ் போகிறது. கிலோமீட்டர் கணக்கில் மணல். தண்ணீர் இடுப்பளவு வரை கண்ணாடி. கால் விரலைச் சுற்றி ஓடும் குஞ்சு மீன்களை எண்ணலாம். நீச்சல் தெரியாத டீச்சரை முதுகில் கை கொடுத்து மிதக்க விட்டோம். அன்று மாலை வரை அவள் கரைக்கு வரவில்லை.

கடற்கரையோடு திரும்பிவிடுகிறவர்கள் நாக்ஸோஸைப் பார்க்காதவர்கள். மலைக் கிராமங்கள்தான் இந்தத் தீவு. ஃபிலோட்டி, ஹல்கி, அபிராந்தோஸ் வரை பஸ் இருக்கிறது. வடக்கே போக மட்டும் ஒரு கார் எடுத்து நால்வரும் பங்கு போட்டுக்கொண்டோம். ஜெர்மன் லைசென்ஸ் இருந்ததால் ஓட்டியது ஸ்டுட்கார்ட்காரன்.

ஹல்கியில் 1896இலிருந்து நடக்கும் வல்லிந்த்ராஸ் வடிசாலை இருக்கிறது. கிட்ரோன் என்ற மது அங்கே தயாராகிறது. பழத்திலிருந்து அல்ல, நார்த்தை இனத்து மரம் ஒன்றின் இலையிலிருந்து. செப்புக் கலங்களைப் பார்த்துக்கொண்டு நின்ற டீச்சர், அங்கே கிடந்த இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு, “எங்க ஆச்சி வேப்பிலைக்கட்டி இடிக்கிற வாசம்” என்றாள். கசக்கிய இலையை நாங்களும் வாங்கி முகர்ந்தோம். அவள் சொன்னது சரி.

அபிராந்தோஸ் மலைச்சரிவில் அடுக்கிய கல் ஊர். தெருவுக்கே பளிங்கு பாவியிருக்கிறது. தேய்ந்து வழவழப்பாகி, வெயிலில் கண் கூசுகிறது. 1941 மே 30 இரவு, நாஜிகள் ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் மேல் ஏற்றியிருந்த ஸ்வஸ்திகா கொடியை இரண்டு இளைஞர்கள் ஏறி இறக்கினார்கள். அவர்களில் ஒருவரான மனோலிஸ் கிளேஸோஸ் பிறந்தது இந்த ஊரில், 1922இல். 2020இல் அவர் இறக்கும்வரை கிரேக்க அரசியலில் ஓயாத குரலாக இருந்தார். இந்தக் கரடுமுரடான ஊரைப் பார்த்தபின் அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. காரணம், இது சுரங்கத் தொழிலாளர்களின் ஊர்.

அபிராந்தோஸ், கொரோனோஸ் பக்கத்து மலைகளில் வெட்டி எடுப்பது எமரி. பெயரைக் கேட்டதும் ஸ்டுட்கார்ட்காரன் நிமிர்ந்தான். கோவையில் அவன் அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். எமரி தாளால் இரும்பைத் தேய்த்துப் பள்ளி விடுமுறைகளைக் கழித்தவன் அவன். சாலையோரம் கிடந்த ஒரு கருங்கல்லைக் கையில் எடுத்து வெகுநேரம் புரட்டிக்கொண்டிருந்தான். அளவுக்கு மீறிய கனம். உடைந்த விளிம்பில் பொடிப்பொடியாக மினுங்கியது. சுரங்கத்திலிருந்து கல்லைக் கீழே கடலுக்கு இறக்க 1920களில் கம்பிவடப் பாதை போட்டார்கள். தொட்டிகள் வரிசையாகக் கம்பியில் தொங்கிக்கொண்டு மூட்சுனா துறைக்கு இறங்கும். இப்போது அது ஓடவில்லை. இரும்புக் கோபுரங்கள் மலைச்சரிவில் துருப்பிடித்து நிற்கின்றன, சில தொட்டிகள் இன்னும் கம்பியிலேயே. நாங்கள் மூட்சுனா வரை அந்தக் கோபுரங்களை வைத்தே வழி பிடித்தோம். அங்கே கரையோரக் கடையில் சாப்பிட்ட நெத்திலிப் பொரியல் இந்தப் பயணத்தின் சிறந்த சாப்பாடு.

எமரியைப் பார்த்தபின் அப்போலோனாஸ் போனதில்தான் எல்லாம் ஒன்று சேர்ந்தது. தீவின் வடகோடியில், சாலைக்கு மேல் பழைய கல்குவாரியில், பத்து மீட்டருக்கும் அதிக நீளமான ஒரு பளிங்கு மனிதன் மல்லாந்து படுத்திருக்கிறான். குரோஸ் என்று பெயர். கி.மு. ஆறாம் நூற்றாண்டை ஒட்டிச் செதுக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்கள். தாடி இருப்பதால் டயோனிசஸ் கடவுள் என்று சொல்கிறார்கள். முகம் இன்னும் கல்லுக்குள்தான் இருக்கிறது. காது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேடு, கைகள் இரண்டு கட்டைகள். உடல் முழுக்க உளி கொத்திய புள்ளிகள். டாக்டர் குனிந்து, நோயாளியைப் பார்ப்பதுபோல விரலால் ஒரு விரிசலைத் தொடர்ந்து போனான். விரிசல் கண்டதால்தான் கைவிட்டார்கள் என்பது பொதுவான கருத்து. வேலி இல்லை, காவல் இல்லை, கட்டணம் இல்லை. டெலோஸ் தீவின் சிங்கங்களும் டெல்ஃபியின் பெரிய ஸ்பிங்ஸும் இந்தத் தீவின் பளிங்குதான். அந்தப் பளிங்கை மழமழப்பாக்கத் தேவையான எமரியும் இதே மலைகளில் பிறந்தது. சிலையும் அதைத் தேய்க்கும் கல்லும் ஒரே மண்ணில் கிடைத்த ஊரில் சிற்பிகள் பிறக்காமல் இருப்பார்களா? அருங்காட்சியகத்தில் முடிந்த சிலைகளை நூறு பார்த்திருக்கலாம். செய்கிறவர்களின் கையைப் பார்க்க வேண்டுமானால் இந்த முடியாத சிலையிடம்தான் வர வேண்டும்.

ஸாஸ் மலைக்கு டீச்சர் வரவில்லை. ஃபிலோட்டியில் பிளேன் மரத்தடியில் காபியோடு உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் ஆரியா ஊற்றில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஏறினோம். ஜீயஸ் வளர்ந்ததாகச் சொல்லும் குகையைத் தாண்டினால் பாதை வெறும் கற்குவியல். நல்ல காலணி வேண்டும். உச்சியில் காற்று தள்ளுகிறது; சுற்றிலும் தீவுகள்.

தங்கியிருந்த வீட்டம்மா ஒரு நாள் இரவு எங்கள் டீச்சரும் ஆசிரியை என்று தெரிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கீழ் அறையில் இருந்த இளம் பெண்ணையும் அழைத்தார். வடக்கே தெசலோனிக்கியிலிருந்து இந்தத் தீவுப் பள்ளிக்குப் பணியமர்த்தப்பட்டவள். செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது சுற்றுலாக் காலம் முடிந்திருக்காது. வீடுகளையெல்லாம் இரவுக் கணக்கில் பயணிகளுக்கு விட்டிருப்பார்கள். மாத வாடகைக்கு வீடே கிடைக்காது. தீவுகளுக்கு வேலைக்கு வரும் ஆசிரியர்களும் டாக்டர்களும் படும் பாடு கிரேக்கத்தில் வருடா வருடம் செய்தியாகிறது. இந்த அம்மா ஒரு அறையை அவளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். எங்கள் டீச்சருக்கு முதல் பணியிடம் மலை மேல் ஒரு ஊர். அங்கேயும் ஒரு அம்மாதான் திண்ணை அறையைக் கொடுத்தாராம். இருவரும் உடைந்த ஆங்கிலத்தில் நள்ளிரவு வரை பேசினார்கள்.

அன்றிலிருந்து மலிவு என்றால் என்ன என்று நாங்கள் நிறையப் பேசினோம். வந்து போகிறவர்களுக்கு இடம் கொடுக்க, இருக்கிறவர்கள் வெளியேறும்படி ஆனால், அது யாருக்கும் மலிவு இல்லை. என் யோசனை இது: முழு வீட்டை வாடகைக்கு எடுக்காமல், குடும்பங்கள் உரிமம் பெற்று நடத்தும் அறைகளைத் தேடுங்கள். “டொமாட்டியா” என்று பலகை இருக்கும். விலையும் குறைவு, வீட்டுக்காரரும் அங்கேயே இருப்பார். விலை பேரம் பேசாதீர்கள். தங்குவதற்கு அரசு வரி ஒன்று உண்டு. எளிய அறைகளுக்கு ஒரு இரவுக்கு இரண்டு யூரோ அளவில் முடிந்துவிடும்.

இன்னொன்று, திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளே ஏதென்ஸ் வந்துவிடுங்கள். காற்று எட்டு பியூஃபோர்ட் அளவை எட்டினால் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். அப்படி நின்றால் யார் மேலும் குற்றமில்லை. கடல் சொல்வதுதான் சட்டம்.

டாக்டர் அடுத்த முறைக்கு ஈஸ்டர் சமயத்தைச் சொல்கிறான்: மலைச்சரிவெல்லாம் பூத்திருக்கும், கோடைக் கூட்டமும் இருக்காது. நாக்ஸோஸிலிருந்து எக்ஸ்பிரஸ் ஸ்கோபெலிட்டிஸ் என்ற சின்னக் கப்பல் இராக்லியா, ஸ்கினூசா, கூஃபோனீசியா வழியாக அமோர்கோஸ் வரை போகிறது. அரசு மானியத்தில் ஓடுவதால் டிக்கெட் சல்லிசு. அதில் ஏறி ஒவ்வொரு தீவிலும் ஒரு இரவு தங்கலாம் என்பது அவன் கணக்கு. டீச்சருக்கு அதே நேரத்தில்தான் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் வேலை வரும். “செப்டம்பர்னா வர்றேன், இல்லேன்னா கணக்கு நோட்டை வேற யாராவது வெச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டாள். நோட்டை வாங்கிக்கொள்ள எங்களில் யாருக்கும் தைரியம் இல்லாததால், செப்டம்பர் என்றுதான் முடிவாகும்போல.